முடிவை மாற்றியவர்கள் எல்லாம் வருந்தியவர்களா?

2021 மே மாதம் வாக்குகள் எண்ணப்பட்டபோது, கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த திமுக அணிக்கு இந்த மாவட்டம் ஓர் இடம்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், கோவை மாநகராட்சித் தேர்தல் வந்தது. நூறு வார்டுகளில் 96 திமுக கூட்டணிக்கு, மூன்று அதிமுகவுக்கு, ஒன்று எஸ்.டி.பி.ஐ.க்கு. இவ்வளவு பெரிய திருப்பத்துக்குச் சுலபமாகக் கைக்கு வரும் விளக்கம் ஒன்று உண்டு: போட்ட ஓட்டை நினைத்து மக்கள் வருந்தினார்கள், அடுத்த வாய்ப்பில் திருத்திக்கொண்டார்கள் என்பது. கோவையில் 2019ல் பாஜக தோற்றபோதும் 2024ல் மறுபடி தோற்றபோதும் இதே விளக்கம்தான் சொல்லப்பட்டது. பணமதிப்பிழப்பும் ஜிஎஸ்டியும் கடுமையாக அடித்த பகுதி என்பதால் அது பொருத்தமாகவும் பட்டது.

இந்த விளக்கத்தைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்று நினைக்கிறேன். வாக்காளர் முதலில் ஏமாந்தார், பிறகு விழித்துக்கொண்டார் என்று சொல்பவர், வாக்காளரின் முதல் முடிவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் என்பதை மறுக்கிறார். கொங்கு மண்டலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாக் கட்சிகளும் மாறி மாறி இதைச் சொல்லி வந்திருக்கின்றன. தோற்ற கட்சிக்கு, மக்கள் வருந்துவார்கள் என்பது ஆறுதல். வென்ற கட்சிக்கு, மக்கள் வருந்தித் திரும்பி வந்தார்கள் என்பது பெருமை. இரண்டு பேருக்கும் தேவைப்படும் ஒரு கதையை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். ஒருவர் தம் வாக்குக்காக வருந்துகிறார் என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவர் அந்த முடிவை எடுத்தவராக இருக்க வேண்டும். அதே கேள்வி மறுபடி அவர் முன் வர வேண்டும். ஏறக்குறைய அதே தெரிவுகள் இருக்கும்போது அவர் வேறு பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றி பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று நடத்திய பொதுவாக்கெடுப்பை உலகமே இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. 51.9 சதவீதம் பேர் விலக வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகளில் கருத்துக்கணிப்புகள் திரும்பின. விலகியது தவறு என்றவர்கள் பாதிக்கு மேல் போனார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். விலக வேண்டும் என்று அன்று வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் பல ஆண்டுகள் கழித்தும் தங்கள் முடிவு சரி என்றே சொன்னார்கள். மனம் மாறியவர்கள் இருந்தார்கள், ஆனால் சிறுபான்மையாக. மீதி மாற்றம் அன்று வாக்களிக்காதவர்களாலும், அதன் பிறகு வாக்குரிமை வயதை எட்டிய இளைஞர்களாலும் வந்தது. ஒரு நாட்டின் கருத்து மாறலாம். அந்த நாட்டில் வாக்களித்தவர்கள் மாறாமலே அது நடக்கலாம்.

நம் அரசியலமைப்பில் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்புக்கு இடமில்லை. அதற்கு மிக அருகில் நடந்தது கோவாவில். மகாராஷ்டிரத்தோடு இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களிடம் கேட்டார்கள். தனியாக இருப்போம் என்று 1,72,191 பேரும், இணைவோம் என்று 1,38,170 பேரும் வாக்களித்தார்கள். இரண்டு மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். இணைப்புக்காகப் பிரச்சாரம் செய்து தோற்ற பந்தோட்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சியே மறுபடி ஆட்சிக்கு வந்தது. கோவா மக்கள் ஜனவரி முடிவுக்காக மார்ச்சில் வருந்தினார்களா? இல்லை. ஜனவரியில் கேட்டது எங்கள் நிலம் எங்கே சேர வேண்டும் என்ற கேள்வி. மார்ச்சில் கேட்டது எங்களை யார் ஆள வேண்டும் என்ற கேள்வி. இணைப்பு வேண்டாம், ஆனால் குத்தகை விவசாயிகளுக்காகப் பேசும் பந்தோட்கர் வேண்டும் என்ற ஒரு வாக்காளருக்கு அந்த இரண்டு முடிவுகளும் முரணே இல்லை.

கோவையின் 2021, 2022 முடிவுகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். 2021ல் கேட்கப்பட்டது கோட்டையில் யார் அமர்வது என்று. முதலமைச்சராக இருந்தவர் எடப்பாடி பழனிசாமி, இந்த மண்டலத்துக்காரர். சேலம் மாவட்டத்திலும் பதினொன்றில் பத்து இடங்களை அவர் கூட்டணிக்கே கொடுத்தார்கள். 2016ல் ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வரவும் கோவை மாவட்டம் பத்தில் ஒன்பது இடங்களைக் கொடுத்திருந்தது. எனவே 2021ன் வாக்கு ஒரு நாள் மயக்கத்தில் விழுந்த வாக்கு என்று சொல்ல இடமில்லை. நெடுநாள் பழக்கம் அது. 2022ல் கேள்வி வேறு. ஆட்சி யார் கையில் என்பது முடிவாகிவிட்டது. இனி சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் யார் மூலமாகப் போனால் வேலை நடக்கும் என்பதே பேச்சு. ஆளும் கட்சியின் கவுன்சிலர் இருந்தால் காரியம் ஆகும் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அது கணக்கு. அதில் வருத்தம் எங்கே வந்தது? அதோடு, மாநகராட்சித் தேர்தலுக்கு வந்தவர்கள் வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. பரிசுப் பொருள் விநியோகம் பற்றிய புகார்களும் போராட்டங்களும் வேறு நடந்தன. இத்தனை காரணங்கள் முன்னால் நிற்கும்போது, வருத்தத்தை முதல் காரணமாக வைப்பதற்குச் சான்று ஏதும் இல்லை. ஈரோடு கிழக்குத் தொகுதியும் இதற்குத் துணை. 2021ல் ஒன்பதாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் காங்கிரஸ் வென்ற இடத்தில், 2023 இடைத்தேர்தலில் அதே கட்சி 66 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம் காட்டியது. இரண்டு ஆண்டுகளில் அத்தனை ஆயிரம் பேர் மனம் வருந்தினார்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆளும் கட்சிக்கு இடைத்தேர்தல் எப்படி அமையும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி கடினமான பகுதி. மத்திய அரசின் இரண்டு முடிவுகள் கொங்கு நாட்டின் தொழிலை நேராகத் தொட்டன. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. திருப்பூர் பனியன் கம்பெனிகள், சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்கள், கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள லேத் பட்டறைகள் எல்லாம் வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுத்துப் பழகியவை. நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றபோது, முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குச் சனிக்கிழமை என்பதே ஒரு நெருக்கடி ஆனது. கடைசியில் செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018ல் அறிவித்தது. அடுத்த அடி 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி. கோவையின் அடையாளமான வெட் கிரைண்டருக்கு 28 சதவீத வரி.

ஆக, அடி விழுந்தது உண்மை. 2019ல் பாஜகவின் சி.பி.ராதாகிருஷ்ணன் 1,79,143 வாக்கு வித்தியாசத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜனிடம் தோற்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் வருத்தம் நிரூபணமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ராதாகிருஷ்ணன் எத்தனை வாக்கு வாங்கினார் என்று பாருங்கள். 2014ல், இந்த இரண்டு முடிவுகளுக்கும் முன்னால், அவர் வாங்கியது 3,89,701. இரண்டும் நடந்து முடிந்த பிறகு 2019ல் வாங்கியது 3,92,007. எண்ணிக்கை குறையவே இல்லை.

உடனே எழும் மறுப்பு நியாயமானது. 2014ல் பாஜக தேமுதிக, மதிமுக, பாமக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஆகியவற்றோடு நின்றது. அதிமுக எதிரணியில் தனியாக நின்று 4,31,717 வாக்குகளோடு வென்றது. 2019ல் அதே அதிமுக பாஜகவோடு. இரண்டையும் கூட்டினால் எட்டு லட்சம் வந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு லட்சம்கூட வரவில்லை. அப்படியென்றால் பாஜகவின் பழைய வாக்காளர்கள் வெளியேறி, அந்த இடத்தை அதிமுக வாக்குகள் நிரப்பியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். 2019ன் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை மறுக்க முடியாது.

மறுப்பது 2024ன் எண்கள். அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் மறுபடி பிரிந்து நின்றன. பழைய பாஜக வாக்கு கரைந்து போயிருந்தால், அதிமுகவின் தாங்கல் இல்லாத பாஜக அங்கே சரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அண்ணாமலை 4,50,132 வாக்குகள் பெற்றார். அதிமுகவின் சிங்கை ராமச்சந்திரன் 2,36,490. வென்ற திமுகவின் கணபதி ராஜ்குமார் பெற்ற 5,68,200, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே அணி பெற்ற 5,71,150ஐவிடக் கொஞ்சம் குறைவுகூட. அதிமுகவின் பழைய வாக்காளர் பலர் அண்ணாமலையிடம் போயிருப்பார்கள் என்பதையும் கழித்துக்கொள்வோம். அப்படிக் கழித்தாலும், பணமதிப்பிழப்பையும் ஜிஎஸ்டியையும் கொண்டுவந்த கட்சியின் பக்கம் எட்டு ஆண்டுகள் கழித்துப் புதிதாக ஆட்கள் போனார்கள் என்றுதான் ஆகிறது. வருத்தம் என்ற கோட்பாடு இந்த இடத்தில் நிற்காது.

வெட் கிரைண்டர் வரியின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 28 சதவீதம் 2017 நவம்பரில் 12 ஆனது. அப்படிக் குறைத்த பிறகு வந்த 2019 தேர்தலில் கட்சி தோற்றது. தோல்விக்குப் பின், 2019 செப்டம்பரில், 5 ஆனது. 2022 ஜூலையில் 18க்கு ஏறியது. ஏறிய பிறகு வந்த 2024 தேர்தலில் அக்கட்சியின் வாக்குகள் கூடின. வரி குறைந்தபோது தோல்வி, கூடியபோது வளர்ச்சி. ஜிஎஸ்டி வலிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வலித்தது. கிரைண்டர் செய்பவர்களும் பம்ப்செட் உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்களும் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே ஆட்கள் 2022 செப்டம்பரில் மாநில அரசு மின்கட்டணத்தை உயர்த்தியபோதும் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். குறை சொல்வதே வருத்தத்தின் அறிகுறி என்றால் அவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வருந்தியவர்கள் ஆகிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் கோவைக் கூட்டம் ஒன்றில் ஓர் உணவக உரிமையாளர் பன்னுக்கு ஒரு வரி, உள்ளே வைக்கும் கிரீமுக்கு ஒரு வரி என்ற சிக்கலை நிதியமைச்சரிடம் எடுத்துச் சொன்னதும், பிறகு அவர் மன்னிப்புக் கேட்ட காணொளி வெளியே வந்ததும் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டன. அந்தக் கேள்வியில் இருந்தது ஒரு வியாபாரியின் நியாயமான குறை. அதை வைத்து ஊரே தன் வாக்கை நினைத்து நொந்துகொண்டது என்று எழுதியவர்கள், கேட்கப்படாத ஒன்றுக்கு அவர்களே பதில் எழுதிக்கொண்டார்கள்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. என் மதிப்பீட்டில் இந்த வாதம் முழுக்க அதில்தான் நிற்கிறது. பணமதிப்பிழப்பை யாரும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜிஎஸ்டியின் விகிதங்களையும் எந்தத் தொகுதியும் தேர்ந்தெடுக்கவில்லை. 2014 தேர்தலில் ஜெயலலிதா, மோடியா இந்த லேடியா என்று கேட்டுத்தான் வாக்குச் சேகரித்தார். கோவையில் வென்றதும் அவர் கட்சிதான். பாஜகவுக்கு வாக்களித்தவர்கள் தோராயமாக மூன்றில் ஒருவர். மற்ற இருவர் எடுக்காத முடிவுக்காக எப்படி வருந்துவார்கள்? அவர்களிடம் இருந்தது கோபம், அல்லது துயரம். முடிவெடுத்த மூன்றில் ஒருவரோ, நம் கையில் உள்ள எண்களின்படி, பெரும்பாலும் தன் இடத்திலேயே நின்றார். 2019ல் கோவையில் நடந்தது இன்னொருவரின் கலகம்: தன் கட்சி தன்னைக் கேட்காமல் செய்துகொண்ட கூட்டணிக்கு வாக்களிக்க மறுத்த அதிமுக வாக்காளரின் கலகம். திமுக, காங்கிரஸ், மார்க்சிஸ்ட் ஆகிய மூன்றும் 2014ல் தனித்தனியாகப் பெற்றவற்றைக் கூட்டினால் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டும். 2019ல் அது ஐந்தே முக்கால் லட்சத்தை நெருங்கியது. கமல்ஹாசனின் புதிய கட்சிக்கு 1,45,104 போயிற்று. அதிமுகவிலிருந்து பிரிந்த தினகரன் கட்சியும் தன் பங்குக்குப் பிரித்தது. ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின் வீடு கலைந்தவர்கள் அந்த அதிமுக வாக்காளர்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான சான்றுக்கு வருகிறேன். வருத்தம் இருந்திருக்கக்கூடிய ஓர் இடம் கோவையின் வரலாற்றில் உண்டு. 1997 நவம்பர் கலவரத்துக்குப் பின், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் ஆறும் முன்பே நடந்த தேர்தலில் பாஜகவின் ராதாகிருஷ்ணன் இங்கே 4,49,269 வாக்குகளோடு 1,44,676 வித்தியாசத்தில் வென்றார். 1999ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நல்லகண்ணுவை எதிர்த்து மறுபடியும் வெற்றி, ஆனால் வித்தியாசம் 54,077. 2004ல் அதே ராதாகிருஷ்ணன் 3,40,476 வாக்குகளோடு, 1,64,505 வித்தியாசத்தில் அதே இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயனிடம் தோற்றார். வேட்பாளர் ஒருவரே, கேள்வியும் மக்களவைக்கானதே. ஆறு ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேல் வாக்குகள் குறைந்திருக்கின்றன. என் மூன்று நிபந்தனைகளுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

அருகில் வருகிறது, எட்டவில்லை. 1998ல் அதிமுகவோடு மதிமுகவும் பாமகவும் பாஜக பக்கம் இருந்தன; 2004ல் அந்த இரண்டும் திமுக, காங்கிரஸ், இடதுசாரிகளோடு எதிரணியில் இருந்தன. மேலும் 2004ல் அதிமுக, பாஜக அணி மாநிலம் முழுக்க 39 இடங்களையும் இழந்தது. கோவையில் மட்டும் விழுந்திருந்தால் 1998ன் முடிவைப் பற்றிய மறுபரிசீலனை என்று சொல்லலாம். குண்டுவெடிப்பே நடக்காத ஊர்களிலும் விழுந்தது. தோல்விக்குப் பிறகு ஜெயலலிதா எதைத் திருத்தினார் என்று பார்த்தால் மக்களின் கோபம் எங்கே இருந்தது என்பது தெரியும்: விவசாயிகளின் இலவச மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார், மதமாற்றத் தடைச் சட்டத்தை விலக்கிக்கொண்டார். தன் முடிவுகளுக்காக வெளிப்படையாக வருந்தியவர் அங்கே ஆட்சியாளர். கிணற்றுக்கு மோட்டார் வைத்திருக்கும் கொங்கு விவசாயிக்கு அந்த மின்சாரம் எவ்வளவு பெரியது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனாலும், அச்சத்திலும் ஆத்திரத்திலும் 1998ல் போட்ட வாக்கை 2004ல் சிலராவது வேறு மனத்தோடு திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. 1998க்கும் 1999க்கும் இடையில் வித்தியாசம் தொண்ணூறாயிரம் சுருங்கியதில் அதன் சாயல் இருக்கலாம்.

1980ஐ இதற்கு எதிராகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த ஜனவரியில் திமுக, இந்திரா காங்கிரஸ் அணி 39ல் 37 இடங்களைப் பிடித்தது, எம்.ஜி.ஆர். கட்சிக்கு மிஞ்சியவை சிவகாசியும் நம் கோபிசெட்டிபாளையமும் மட்டுமே. பிப்ரவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதத்தில் அவர் அணிக்கு 234ல் 162. ஐந்து மாதத்துக்குள் தமிழகம் வருந்தியதாகச் சொல்வார்கள். கோவாவுக்குச் சொன்ன பதிலே இதற்கும்: ஜனவரியில் டெல்லிக்கு இந்திரா வேண்டுமா என்ற கேள்வி, மே மாதத்தில், பதவிக்காலம் முடியாத ஓர் ஆட்சியைக் கலைத்தது சரியா என்ற கேள்வி.

வருத்தம் என்ற சொல் பொருந்தும் சிறிய இடம் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். 2021ல் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. பாஜகவைத் தோற்கடிப்பதே முதல் நோக்கமாக வைத்து மூன்றாவது இடத்துக்குப் போன வேட்பாளருக்கு வாக்களித்த ஒருவர், 1,728 என்ற வித்தியாசத்தைக் கேட்டதும் கைகளைப் பிசைந்திருப்பார். கொள்கையில் அவர் மாறவில்லை; வாக்கு வேலை செய்த விதம்தான் அவரை நோகடித்தது. இந்த வருத்தத்தையும் கட்சிகளே முதலில் செயலில் காட்டின. கமல் 2024ல் திமுக அணிக்கு வந்தார், 2025ல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

வாக்கு ரகசியமானது, உள்ளுக்குள் வருந்துபவரை எண்கள் காட்டாது என்ற வாதமும் மிச்சம் இருக்கிறது. அது சரி. ஆனால் நேரில் கேட்டாலும் தெளிவு கிடைக்காது. தேர்தலுக்குப் பிந்தைய கணிப்புகளில், உண்மையில் வாக்களித்தவர்களைவிட அதிகமானவர்கள் வென்ற கட்சிக்கு வாக்களித்ததாகச் சொல்வது கணிப்பாளர்கள் நன்கு அறிந்த சிக்கல். வீட்டு வாசலில் நின்று யாருக்குங்க போட்டீங்க என்று கேட்பவரிடம் மனிதர் தம் வாக்கை மறைக்கவும் செய்வார், மறக்கவும் செய்வார். வருந்தியவர் வாக்குச்சாவடிக்கே வராமல் இருந்திருக்கலாம் என்பதற்கு 2014ஐவிட 2019ல் கோவையின் வாக்குப்பதிவு சதவீதம் சரிந்ததைக் காட்டலாம். ஆனால் வருந்தியிருக்க வேண்டிய கட்சியின் வாக்குகள் அதே தேர்தலில் குறையவில்லை. எனவே இந்த வாதத்தால் வருத்தம் இருக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியும். தேர்தல் முடிவுகள் அதனால் மாறின என்று சொல்ல முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 2022ன் திருப்பத்துக்கு வருத்தம் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. 2019, 2024 முடிவுகளைப் பொறுத்தவரை அது தவறான விளக்கம். எண்கள் அதற்கு எதிராகவே நிற்கின்றன. 2004க்கு ஒரு சிறு பங்கு கொடுக்கலாம்.

2025 ஏப்ரலில் அதிமுகவும் பாஜகவும் மறுபடி கூட்டணி அறிவித்தபோது, கோவையின் 4,50,132ஐயும் 2,36,490ஐயும் கூட்டிப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர். 2014ன் கூட்டல் 2019ல் என்ன ஆனது என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. சட்டமன்றத் தேர்தல் எதுவும் இந்தச் சோதனைக்குப் பயன்படாது, அதில் கேள்வியே வேறு. இரண்டு கட்சிகளும் சேர்ந்தே நின்று, டெல்லிக்கு யார் என்று கோவையிடம் கேட்கும் அடுத்த மக்களவைத் தேர்தலில்தான், பிரிந்து போட்டபோது பாஜகவைத் தேர்ந்தெடுத்தவரும் அதிமுகவோடு நின்றவரும் தத்தம் முடிவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரே கேள்வியில் அளக்க முடியும்.